யாருடைய அம்மாயி? கொழிஞ்சாம்பாறையில் ஒரு சனிக்கிழமை வகுப்பு

எங்கள் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். பேத்திக்கு ஐந்து வயது. மகள் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதால் எங்களோடுதான் இருக்கிறாள். சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி, படம் வரையவிட்டு, குடும்பம் என்றால் என்னவென்று பழக்கும் வகுப்பு ஒன்று பக்கத்துத் தெருவில் நடக்கிறது. சனிக்கிழமை காலை, மாதம் 400 ரூபாய். நான்கு வாரமும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வாரம் சொதப்பல். அச்சடித்த தாளில் ஒரு மரம். அதில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நாலே கட்டம். அப்பா இல்லாத பையன் ஒருவன் அந்தக் கட்டத்தைக் கிறுக்கிவிட்டு அழுதான். "அப்புச்சிக்குக் கட்டம் எங்கே?" என்று என் பேத்தி கேட்டாள். நியாயம்தானே, தினம் சோறு ஊட்டுகிறவன் நான். டீச்சரிடம் சொன்னேன், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வெறும் வெள்ளைத் தாள். "ராத்திரி உங்க வீட்ல யார் யார் தூங்கறாங்களோ எல்லாரையும் வரைங்க" என்றார். ஆட்டுக்குட்டி வந்தது, நாய் வந்தது. துபாயில் இருக்கும் அப்பாவைத் தலையணைப் பக்கத்துச் செல்போனுக்குள் போட்டிருந்தது ஒரு பிள்ளை.

மூன்றாம் வாரம்தான் கூத்து. டீச்சர் மலையாளம், தமிழ் இரண்டும் பேசுவார். "அம்மாயியை வரைங்க" என்று சொல்லிவிட்டார். நம் பிள்ளைகள் அம்மாவைப் பெற்ற கிழவியை வரைந்தார்கள். மலையாள வீட்டுப் பிள்ளைகள் மாமன் பெண்டாட்டியை. "உன் அம்மாயிக்கு ஏன் பல்லே இல்லை?" என்று சண்டை. டீச்சர் சிரித்துவிட்டு, ஒவ்வொருவரும் வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். திட்டமிடாமல் நடந்த அந்த அரை மணி நேரத்துக்கே 400 ரூபாய் தகும்.

நாலு வயதுப் பிள்ளைகள் வரையும் ஆட்களுக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும், தலைப்பிரட்டை மாதிரி. டீச்சர் திருத்தவே மாட்டார். ஒரு தாய் ரப்பரோடு பாய்ந்தபோது, "அவங்க ஆச்சு, அவங்க படம் ஆச்சு" என்று தடுத்துவிட்டார்.

கடைசி வாரக் கதை, வாத்து முட்டையை அடைகாத்த கோழி. 21 நாளில் குஞ்சு வந்தது என்றார். அது கோழி முட்டைக் கணக்கு. வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும் என்று திண்ணையிலிருந்தே சொன்னேன். உடனே கதை மாறியது: தன் குஞ்சு இல்லை என்று தெரியாமல் கோழி இன்னும் ஏழு நாள் எழுந்திருக்காமல் கிடந்தது. குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கிவிட, கோழி கரையில் நின்று கத்தியது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. "அப்போ கோழி அம்மாவா, சித்தியா?" என்றாள் என் பேத்தி. அவளையே வரைந்து காட்டச் சொல்லிவிட்டார் டீச்சர்.

ஒரு குறை. அங்கே தரும் கிரேயான் மட்டம், அழுத்தினால் ஒடிகிறது. வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கறுப்பு முதல் வாரமே தீர்ந்துபோனதால், எங்கள் வீட்டுப் பீரோ கதவில் நான் பச்சை மீசையோடு நிற்கிறேன்.