15 வாட் ட்யூப் ஆம்ப், அடுக்குமாடி வீடு: அட்டெனுவேட்டருடன் 4 ஆண்டுகள்

என்னிடம் இருப்பது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் என்கிற கிட்டார் ஆம்ப், வெற்றிடக் குழாய்களில் (ட்யூப்) ஓடுவது. 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பக்கம் இரண்டு ஈஎல்84 ட்யூப், கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் பக்கம் மூன்று 12ஏஎக்ஸ்7 ட்யூப். வாங்கும்போது, 15 வாட்தானே, வீட்டுக்குச் சரியாக இருக்கும் என்று நம்பினேன். வால்யூமையும் மாஸ்டரையும் (மொத்தச் சத்தத்துக்கான குமிழ்) ஏற்றி வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

ஆனால் அந்த ஆம்ப்புக்கு உயிர் வருவதே அங்கேதான். மெல்ல மீட்டினால் தெளிவாகப் பேசும், அழுத்தி அடித்தால் கரகரக்கும். கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் மறுபடி தெளிந்துவிடும். மாஸ்டரைக் குறைத்து ப்ரீஆம்ப்பை மட்டும் ஏற்றினாலும் டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, வரும்தான். ஆனால் அது வண்டு ரீங்காரம் மாதிரி மெலிந்திருக்கும். பவர் ட்யூபும், அதிலிருந்து ஸ்பீக்கருக்குச் சக்தியைக் கடத்தும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் திணறும்போது விரலுக்கடியில் தெரிகிற அந்த இளக்கம் அதில் இல்லை.

அதற்காகத்தான் அட்டெனுவேட்டர். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, வருகிற சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக மாற்றிவிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. இந்த ஆம்ப்பில் ஸ்பீக்கர் வயர் ஜாக்கில் செருகித்தான் இருக்கிறது, அதனால் சால்டரிங் வேலை எதுவும் இல்லை.

வாங்குவதற்கு முன் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 15 வாட்டை 1.5 வாட்டாகக் குறைத்தால் 10 டெசிபெல் குறையும். காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம்தான். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் 1 வாட்டிலேயே, 1 மீட்டர் தூரத்தில், 97 முதல் 100 டெசிபெல் வரை கொடுக்கும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவு. அப்படியென்றால் 20 டெசிபெல் குறைத்த பிறகும் அறை நிறையச் சத்தம் இருக்கும். படுக்கையறை அளவுக்கு இறங்க 35, 40 டெசிபெல் வெட்ட வேண்டும்.

முதலில் வாங்கியது வெறும் ரெசிஸ்டர் வகை. ஸ்பீக்கரின் மின்தடை எப்போதும் ஒரே 8 ஓம் இல்லை, சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். ரெசிஸ்டருக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால் உயர் சுருதிகள் மங்கின, கம்பியை அடித்தால் கட்டையைத் தட்டுவது போல் விறைப்பாக இருந்தது. ஓர் ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, காயிலும் கெப்பாசிட்டரும் வைத்து ஸ்பீக்கரைப் போலவே நடந்துகொள்ளும் ரியாக்டிவ் வகைக்கு மாறினேன். விலை இரண்டு மடங்குக்கு மேல். வாசிக்கும் கைக்கு வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது.

10, 12 டெசிபெல் குறைப்பு வரை டோன் அப்படியே இருக்கிறது. பகலில் நான் வாசிப்பது இந்த அளவில்தான். 20-ஐத் தாண்டினால் சவசவ என்று ஆகிவிடுகிறது. நெடுநாள் பெட்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் இரண்டு நிலையிலும் மைக் வைத்துப் பதிவு செய்து, ஒரே சத்த அளவில் போட்டுக் கேட்டேன். எதிர்பார்த்த அளவு வித்தியாசமே இல்லை. சத்தம் குறையக் குறைய நம் காதுதான் அடிச்சுருதியையும் உச்சத்தையும் விட்டுவிடுகிறது. அதனால் இப்போது குறைத்து வாசிக்கும்போது ட்ரெபிளையும் பேஸையும் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறேன். ஆம்ப்பைத் தரையிலிருந்து நாற்காலிக்கு மாற்றியதும் பெரிய உதவி. கீழ்வீட்டு அக்காவுக்குக் கேட்டுக்கொண்டிருந்த 'தும் தும்' அதோடு நின்றது.

இரண்டு விஷயத்தில் கவனம் தப்பவே கூடாது. ஆம்ப்பிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும், கிட்டார் கேபிள் போடக் கூடாது. ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோடோ இல்லாமல் ட்யூப் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம்.

செலவும் உண்டு. வெளியே சத்தம் குறைவாக இருந்தாலும் உள்ளே ட்யூப்கள் முழுமூச்சில் உழைக்கின்றன. இந்த நான்கு ஆண்டில் ஈஎல்84 ஜோடியை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஆம்ப் அதிகம் திணறாத பழைய நாட்களில் ஒரே ஜோடி அவ்வளவு காலமும் வந்தது.

இரவு ஒன்பதுக்கு மேல் இந்த ஏற்பாடு எனக்கு உதவுவதில்லை. அந்த நேரத்துக்கு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பெட்டியை முழு லோடாக வைத்து, அதன் லைன் அவுட்டை (பதிவுக்கான மெல்லிய சிக்னல் வரும் துளை) கணினிக்குக் கொடுத்து, ஸ்பீக்கர் கேபினட் ஒலியை மென்பொருளில் சேர்த்து ஹெட்போனில் கேட்கிறேன். காற்றில் அதிரும் ஒலி அதில் கிடைக்காது, ஆனால் விரலுக்கு அந்த இளக்கம் கிடைக்கிறது. நேற்றும் பதினொன்றரை வரை அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.