மாட்டுத்தலைக் கணக்கு: 6 நிம்ட் சீட்டு விளையாட்டு

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்றாலே அத்தைக்கு ஆகாது. தம்பி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த இந்தப் பெட்டி எப்படியோ தப்பித்தது. ராஜா ராணி கிடையாது. 1 முதல் 104 வரை எண்கள், கூடவே மாட்டுத்தலைப் படங்கள், அவ்வளவுதான். வொல்ஃப்காங் கிராமர் உருவாக்கி 1994-இல் வந்தது. நிம்ட் என்றால் 'எடுக்கிறது'.

ஆளுக்குப் பத்து சீட்டு. தரையில் நாலு வரிசை, ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் ஒரு சீட்டு. எல்லாரும் ஒன்றைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சின்ன எண் முதலில் போகும். எந்த வரிசையின் கடைசிச் சீட்டு நம் எண்ணுக்குக் கீழே ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் சேர்க்க வேண்டும். ஆறாவதாகப் போய் விழுந்தால் முன்னால் கிடக்கும் ஐந்தையும் வாரிக்கொள்ளணும். வாரியதில் உள்ள மாட்டுத்தலைகள் எல்லாம் அபராதம். யாராவது 66-ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. குறைவாக வைத்திருப்பவருக்கு வெற்றி.

மூன்றாம் நாள் நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அம்மா, 33-க்கும் 44-க்கும் ஏன் அஞ்சு தலை?" நான் வாயைத் திறக்கவில்லை. சீட்டுகளைப் பரப்பிப் பார்த்து அவளே சொன்னாள்: பதினொன்றாம் வாய்ப்பாட்டுக்கு ஐந்து, பத்துக்கு மூன்று, ஐந்தில் முடிவதற்கு இரண்டு, மற்றதெல்லாம் ஒன்று. 55-க்கு மட்டும் ஏழு, இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டதால். வாய்ப்பாட்டை இதுவரை ஒப்பித்துத்தான் பார்த்திருக்கிறேன், இப்படித் தேடிப் பார்த்ததில்லை.

நாங்கள் நாலு பேர் என்பதால் 1 முதல் 44 வரை மட்டும் வைத்து ஆடுகிறோம். அப்போது தரையில் கிடக்கும் நாலு போக மற்ற எல்லாச் சீட்டும் யாரோ ஒருவர் கையில் இருந்தே தீரும். (55 போய்விட்டதே என்று அவளுக்கு இன்னும் வருத்தம்.) போன ஞாயிறு ஒரு வரிசையில் நாலு சீட்டு, கடைசி எண் 37. அவள் கையில் 41. நடுவில் யாராவது எதையாவது நுழைத்தால் அது ஐந்தாவது, இவள் ஆறாவது. விரல் விட்டு எண்ணினாள்: 40 போயாச்சு, 39 என்கிட்டதான் இருக்கு, மிச்சம் 38 மட்டும்தான். துணிந்து 41-ஐ வைத்தாள். அத்தை வைத்தது 38! வாரிக்கொண்டு அழவில்லை, அடுத்த சுற்றில் அத்தையின் கையைப் பற்றிய அனுமானங்கள்தான் கூடின.

குறையும் உண்டு. பத்து பேர் வரை ஆடலாம் என்கிறார்கள். விருந்தாளிகள் வந்த அன்று எட்டுப் பேராக ஆடினோம், எந்தக் கணக்கும் வேகவில்லை, சிரிப்புத்தான் மிச்சம். கூட்டல் கழித்தல் இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்கு இதை வாங்க வேண்டாம், எரிச்சல்தான் வரும். நூறு வரை எண்களை முன்பின் வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம். சீட்டில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய எழுத்து எதுவும் இல்லாததால் எந்த நாட்டுப் பெட்டியானாலும் சரி.

அத்தை இப்போது சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும் பெட்டி எங்கே என்று கேட்கிறார்.