ஒரே ஆளுக்கு எதற்கு மூன்று கணினி?

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவன், டிடிபி வேலை என்றால் சட்டென்று புரியும். என்னிடம் தினமும் ஓடுகிற கணினிகள் மூன்று. விண்டோஸ் 7 போட்ட பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப் ஒன்று, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஸில் வாங்கிய திங்க்பேட் டி480 ஒன்று, அப்புறம் அண்ணன் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப். அவள் படித்து முடித்து வேலைக்குப் போனதும் சொந்தமாக வேறு வாங்கிக்கொண்டாள், இது பரணுக்குப் போக இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

"இத்தனைக்குப் பதிலா நல்லதா ஒண்ணு வாங்கியிருக்கலாமே" என்று கேட்காத ஆள் கிடையாது. வாங்கியிருக்கலாம்தான். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஒன்று எனக்கு இந்த மூன்று வேலையையும் செய்து தராது. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என் வேலைக்கு ஒரு கணினி மாறவே கூடாது, இன்னொன்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும், மூன்றாவது அணையவே கூடாது. இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் எப்படி வைப்பது?

மாறவே கூடாதது அந்த விண்டோஸ் 7 டெஸ்க்டாப். எச்61 போர்டு, 32 பிட் விண்டோஸ், பக்க வடிவமைப்புக்கு அடோபியின் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001 இல், அதற்குப் பிறகு அடோபி அதைத் தொடரவில்லை, எல்லோரையும் தன் இன்னொரு வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குப் போகச் சொல்லிவிட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தருகிற பொது முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. தமிழ் யூனிகோடில் 1991 இலேயே இடம்பெற்றுவிட்டாலும் நம் அச்சகங்களும் பதிப்பகங்களும் அதன்பிறகும் ரொம்ப காலம் டாம், டாப், பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு முறையில்தான் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கோப்புகளில் கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பூரா ஆங்கிலக் குப்பையாக நிற்கும்.

சரி, மாற்றிவிட வேண்டியதுதானே என்பீர்கள். எழுத்துரு மாற்றிகள்தான் நிறைய இலவசமாகவே கிடைக்கின்றனவே, ஒட்டினால் யூனிகோடு வந்துவிடும். வரும். ஆனால் வெறும் எழுத்தாக ஒட்டும்போது எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் போய்விடுகிறது, அதனால் இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து அது மாற்றித் தள்ளும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் போய்விடும். மேற்கோள்குறிகள் வேறு ஏதாவதாக மாறி உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் சரிசெய்து முடித்தாலும், புது எழுத்துருவின் அகலம் வேறு என்பதால் வரி ஓடும், வரி ஓடினால் பக்கம் ஓடும், பக்கம் ஓடினால் 16 பக்க ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற பக்கத் தொகுதி) சரியாக உட்கார்ந்திருந்த புத்தகம் இரண்டு பக்கம் பிதுங்கிக்கொண்டு வெளியே நிற்கும், பின்னால் இருக்கும் பொருளடைவின் பக்க எண்கள் எல்லாம் தப்பாகும். மறுபதிப்புக்கு வருகிறவர் கேட்பது என்னவோ "அந்த 84 ஆம் பக்கத்துல ஒரு பிழை, அட்டைல விலை, அவ்வளவுதான் சார்." அந்த இரண்டு திருத்தத்துக்காக ஒரு முழுப் புத்தகத்தைத் திரும்பச் செய்து திரும்ப மெய்ப்புப் பார்க்கிற கூலியை யார் கொடுப்பார்கள்? பழைய கணினியில் திறந்து, திருத்தி, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்கிற அச்சுக் கோப்பாக அனுப்பி, அடோபியின் டிஸ்டில்லர் மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கினால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்தப் பழைய எழுத்துருக்களைத் தருகிற மென்பொருளுக்கு யூஎஸ்பியில் செருகுகிற ஒரு பூட்டும் உண்டு, அதைச் செருகினால்தான் மென்பொருள் ஓடும். அதற்கான டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும்தான். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்காது, விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக இந்தக் கணினி இப்படியேதான் இருந்தாக வேண்டும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2020 ஜனவரி 14 ஓடு நின்றன, குரோம் 109 ஆம் பதிப்போடு கைகழுவிவிட்டது. இன்டர்நெட்டில் விடவே கூடாத கணினி இது, நான் நெட்வொர்க் கேபிளைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.

மாறிக்கொண்டே இருக்க வேண்டியது டி480. இது 2018 மாடல், எட்டாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்புகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் இந்தக் கோட்டைக் கவனித்து வாங்குவது நல்லது. இதற்கு ஒரு தலைமுறை முந்தைய டி470 பார்க்க அப்படியே இருக்கும், கடைக்காரரும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார், வாங்கி வந்தால் விண்டோஸ் 10 ஓடு நின்றுவிடும், அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 இல் முடிந்தது. டி480இல் எனக்குப் பிடித்தது இரண்டு பேட்டரி. உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுகிற ஒன்று, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருப்பதை மாற்றலாம். மின்தடை வரும்போது டெஸ்க்டாப்பின் யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்க, இதில் நான் பாட்டுக்கு வேலையைத் தொடர்வேன். புதுப் புத்தகங்கள் எல்லாம் இதில்தான், இன்டிசைனில், யூனிகோடில். (இன்டிசைனில் தமிழ் உடைகிறது, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறது என்று புலம்புகிறவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பாதிப் பேரின் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.) வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் எல்லாமும் இதிலேயே. மாதாமாதம் வருகிற மேம்படுத்தலைத் தள்ளிப்போடாமல் போடுகிற கணினி என்பதால்தான் இவற்றை இதில் வைத்திருக்கிறேன். அந்த மேம்படுத்தல் ஏதாவது ஒன்றைக் கெடுத்தாலும் பழைய புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, அந்த விலையில்லா லேப்டாப். 2011 இல் தொடங்கிய திட்டம், முதல் சுற்றுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் யாரும் அந்த லினக்ஸுக்குள் போய்ப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது நான் போட்டிருப்பது டெபியன் என்கிற இன்னொரு லினக்ஸ், பாஸ் லினக்ஸே டெபியனிலிருந்து கிளைத்ததுதான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் சொல்கிற அளவுக்கு நடக்கிறது. ஆனால் இதில் உட்கார்ந்து யாரும் வேலை செய்வதில்லை, அலமாரிக்குள் மூடி வைத்தபடி இருபத்துநாலு மணிநேரமும் ஓடும்.

இதன் முதல் வேலை காவல். எங்கள் தொழிலில் இன்னும் பாதிப் பேர் பென்டிரைவில்தான் மேட்டர் கொண்டு வருகிறார்கள், அதுவும் ஊரிலுள்ள எல்லா ஜெராக்ஸ் கடையிலும் செருகி எடுத்த பென்டிரைவ். ஃபோல்டர் எல்லாம் மறைந்துபோய் ஷார்ட்கட்டாக நிற்குமே, அந்த ஷார்ட்கட் வைரஸைப் பார்க்காத டிடிபிக்காரர் இருக்க முடியாது. விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் தானாக ஓடாது, அதனால் எந்த பென்டிரைவும் முதலில் இதில்தான் செருகப்படும். மறைத்து வைக்கப்பட்ட கோப்புகளும் கண்ணுக்குத் தெரியும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தொடுவதில்லை. விண்டோஸ் 7க்குப் போகும் பென்டிரைவ் என் சொந்தப் பென்டிரைவ் ஒன்று மட்டும், அது வெளியே எங்கும் போகாது. வாடிக்கையாளர்களில் சிலருக்கு இது கொஞ்சம் வருத்தம், என்னவோ அவர்களையே வாசலில் நிறுத்திச் சோதிப்பதுபோல முகம் வைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வேலை நகல். டி480இல் சேமிக்கிற ஒவ்வொன்றும் சிங்திங் என்கிற ஒத்திசைவு மென்பொருள் வழியாக இதற்கு வந்துவிடும், எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போய்த் தங்காமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஒத்திசைவு என்பது பேக்கப் ஆகாது. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் உடனே அழியும். அதனால் இரவில் வெளி ஹார்டு டிஸ்க்குக்குத் தேதிவாரியாகத் தனி நகல் எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். இன்னொரு ஹார்டு டிஸ்க் அண்ணன் வீட்டில் இருக்கிறது, போகும்போது மாற்றிக்கொண்டு வருவேன்.

இதற்குப் போய் ஒரு டெஸ்க்டாப்பை ஓடவிடலாமா என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையை அணைத்த இந்த லேப்டாப் பத்து வாட் அளவில் இழுக்கிறது, இரண்டு மாத பில்லுக்கு 15 யூனிட் கூட ஆகாது. 60 வாட் இழுக்கிற டெஸ்க்டாப் என்றால் 86 யூனிட், வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். லேப்டாப்பை ஓயாமல் சார்ஜில் போட்டு வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு, பேட்டரி உப்பும். டச்பேடு மேலே எழும்பினாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறேன்.

மூன்று கணினியின் அருமை ஒரு டிசம்பரில் தெரிந்தது. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும், அதனால் டிசம்பரில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. டி480இல் நான் போட்டிருந்த எஸ்எஸ்டி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு காலையில் செத்தது. ஹார்டு டிஸ்க்காவது கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்எஸ்டி அப்படியே போய்விடும். கோப்புகள் எல்லாம் டெபியன் லேப்டாப்பில் முந்தைய இரவு வரைக்கும் இருந்தன. கடைசியாக அனுப்ப வேண்டிய பிடிஎஃப்களை அதிலிருந்தே பதிப்பாளருக்கு அனுப்பினேன், மனைவி அதிலேயே இன்னொரு புத்தகத்தின் மெய்ப்பைத் திறந்து வைத்துப் பார்த்தார், நான் பழைய கணினியில் மறுபதிப்பு ஒன்றை முடித்தேன், மாலையில் புது எஸ்எஸ்டி வாங்கிவந்து போட்டுவிட்டு இரவில் இன்டிசைன் வேலையைத் தொடர்ந்தேன். அன்றைக்கு ஒரே கணினி இருந்திருந்தால், அது லட்ச ரூபாய்க் கணினியாகவே இருந்தாலும், கடை திறக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விவரம் தெரிந்தவர்கள் கேட்பது, விண்டோஸ் 7ஐ ஒரு மெய்நிகர் கணினியாக, அதாவது மென்பொருளுக்குள் ஓடுகிற கணினியாக, டி480க்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று. வைத்திருக்கிறேன், விர்ச்சுவல்பாக்ஸில். டெஸ்க்டாப் ஒருநாள் எழுந்திருக்காவிட்டால் அதுதான் கதி. ஆனால் அந்தப் பூட்டு சில நாள் உள்ளே தெரிகிறது, சில நாள் கழற்றி மாட்டினாலும் தெரிவதில்லை. அதைவிட முக்கியம், அந்த எஸ்எஸ்டி செத்த அன்று இரண்டும் ஒரே லேப்டாப்பில் இருந்திருந்தால் இரண்டுமே போயிருக்கும். அப்புறம் இன்னொன்று, இரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்ய இரண்டு விசைப்பலகை வேண்டும், அதற்கு மென்பொருளில் வழி இல்லை.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. பழைய டெஸ்க்டாப்பில் பழைய தட்டச்சு முறை, லேப்டாப்பில் தமிழ்99, மனைவிக்கோ ஆங்கில எழுத்தில் அடிக்கிற முறைதான் வரும். ஒன்றிலிருந்து எழுந்து இன்னொன்றில் உட்கார்ந்தால் முதல் பத்தி முழுக்கத் தப்பும் தவறுமாகத்தான் வரும், விரல் பழைய இடத்தையே தேடும். டெஸ்க்டாப்பின் போர்டில் உள்ள வட்ட பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும், கோப்புகளின் தேதி எல்லாம் குழம்பும். இருபது ரூபாய் சமாச்சாரம், இரண்டு வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்துவிடுங்கள். யூபிஎஸ் பேட்டரி தனிச் செலவு. தூசி தட்டுவது தனி வேலை. இடம் மட்டும் பெரிய பிரச்சினை இல்லை, ஒரே மானிட்டரில் விஜிஏவில் டெஸ்க்டாப்பும் எச்டிஎம்ஐயில் லேப்டாப்பும் மாட்டியிருக்கிறேன், பட்டனை அழுத்தினால் மாறும். ஒரே திரையையும் விசைப்பலகையையும் பல கணினிகளுக்கு மாற்றித் தருகிற கேவிஎம் என்று தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே இன்னொன்று வாங்கக் கிளம்ப வேண்டாம். சினிமா பார்க்கவும் பில் கட்டவும் மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு ஒன்றே அதிகம், அந்தப் பணத்தில் ஒரு நல்ல வெளி ஹார்டு டிஸ்க் வாங்கலாம். கணினியால்தான் சோறு என்பவருக்கு இரண்டு வேண்டும், இரண்டாவது முதலாவதை விட மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அது மூடி வைத்த கணினியாக இல்லாமல் வாரத்துக்கு ஒருமுறையாவது வேலை செய்கிறதாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு எடுக்கும்போது பாஸ்வேர்டு மறந்து, மேம்படுத்தல் பாதி ஏறி நிற்கிற கணினி இருந்தும் பயனில்லை. எனக்கும் நான்காவதாக ஒன்று வந்தது, வெளிநாடு போன உறவினர் விட்டுப்போனது. அதற்கென்று ஒரு வேலையும் என்னிடம் இல்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது என் கவலை டெஸ்க்டாப்பைப் பற்றித்தான். அதன் எஸ்எஸ்டியைக் குளோன்சில்லா என்கிற வட்டு நகல் மென்பொருளில் அப்படியே நகலெடுத்து இன்னொன்றில் வைத்திருக்கிறேன், அதே மாடல் போர்டு ஒன்றும் பழைய பொருள் கடையில் கிடைத்தபோது வாங்கிப் போட்டுவிட்டேன். அந்த யூஎஸ்பி பூட்டுக்கு மட்டும் மாற்று இல்லை, செய்த நிறுவனமும் இப்போது போனை எடுப்பதில்லை. அதனால் வேலை குறைவாக இருக்கிற ஆடி மாதங்களில், அடிக்கடி மறுபதிப்புக்கு வருகிற தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன். மெய்ப்புக் கூலியைப் பதிப்பாளரும் நானும் பாதிப் பாதி.