கோடையில் கேம் செய்யக் கற்க: ஸ்கிராட்சா, கோடோவா, யூனிட்டியா?

போன மே மாதம் அக்கா மகன் ஒரு கோடை வகுப்புக்குப் போய்விட்டு, கையில் சான்றிதழோடு வந்தான். "எங்கே, ஒரு பொம்மையைக் குதிக்க வை பார்ப்போம்" என்றேன். முழித்தான். ஏற்கெனவே செய்துவைத்த கேமில் நிறத்தையும் படத்தையும் மாற்ற மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் நானே மூன்று மென்பொருளையும் இந்த ஒரே குதியை வைத்துப் பார்த்தேன்.

யூனிட்டியை முதலில் முடித்துவிடுகிறேன். போக்கிமான் கோ இதில் செய்ததுதான். கேம் வேலைக்குப் போக நினைக்கும் கல்லூரி மாணவர் இதைப் படிக்கலாம். ஆனால் பல ஜிபி இறக்க வேண்டும், வீட்டுப் பழைய லேப்டாப் திணறும், சி ஷார்ப் மொழியும் தெரிய வேண்டும். ஒரு மாத லீவில் பாதி, எந்தப் பொத்தான் எங்கே என்று தேடுவதிலேயே போய்விடும்.

ஸ்கிராட்ச் வேறு ரகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, இலவசம். கட்டங்களை இழுத்து ஒட்டினால் நிரல். இதில் புவியீர்ப்பு என்று ஒன்று கிடையாது, நாமே செய்ய வேண்டும். 'வேகம்' என்று ஒரு மாறி (எண்ணைப் போட்டுவைக்கும் பெட்டி மாதிரி) வைத்து, குதிக்கும்போது அதை 12 ஆக்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று குறைத்து, பொம்மையின் உயரத்தோடு கூட்டிக்கொண்டே போக வேண்டும். 12, 11, 10 என்று இறங்கிச் சுழியம் வரும்போது பொம்மை உச்சியில் ஒரு கணம் நிற்கும். பிறகு எண் மைனஸுக்குப் போகும், பொம்மை விழும். பள்ளிக்கூடத்தில் சூத்திரமாக வருவதற்கு முன்பே பிள்ளைக்கு இது புரிந்துவிடுகிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை வேறு எதையும் தேட வேண்டாம். கேம் பெரிதானால்தான் தொல்லை. கட்டங்கள் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

அதற்கு மேல் வயதென்றால் என் ஓட்டு கோடோவுக்கு. 2014-இல் மூலநிரலோடு திறந்துவிட்டார்கள், காசு கிடையாது. சின்னக் கோப்புதான்; பிரித்தால் போதும், நிறுவக்கூடத் தேவையில்லை. அதன் மொழி பைத்தான் என்ற நிரல்மொழிக்கு உறவுக்காரன் மாதிரி. நம் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியலிலும் பைத்தான் வருகிறது என்பதால் அந்த உழைப்பு வீணாகாது. ஓடவும் குதிக்கவும் மாதிரி நிரல் ஒன்றைக் கோடோவே தருகிறது. அது வசதிதான், ஆனால் வகுப்பில் நடந்த கதையே இங்கேயும் நடக்கலாம். அதனால் அக்கா மகனை அந்த நிரலில் உள்ள எண்களில் கைவைக்கச் சொன்னேன். குதிக்கும் வேகம் மைனஸ் 400 என்று இருந்தது. "மேலே போறதுக்கு எதுக்கு மாமா மைனஸ்?" என்று அதை அழித்தான். பொம்மை தரையை விட்டு அசையவில்லை. ஸ்கிராட்சில் மேலே போனால் எண் கூடும், கோடோவின் 2டி கேமில் கீழே போனால்தான் கூடும். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை.