டெய்லி ஒரு சங்கதி நோட்டு: சென்னையில 11 மாசம், நாகர்கோவில்ல 14 மாசம்

மொதல்லயே சொல்லிடுதேன், இது ஆப் ரிவ்யூ இல்ல, போன் ரிவ்யூவும் இல்ல. 20 ரூபாய்க்கு வாங்கின நோட்டுப் புத்தகம் ஒண்ணு, அதுல தினமும் ஒரு வரி எழுதணும், அந்த வரி ஆபீஸ், சாப்பாடு, தூக்கம் இந்த மூணுலயும் சேராத எதாவது ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான் சங்கதி. ரெண்டு வருசத்துக்கு மேலயே யூஸ் பண்ணிட்டேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து சென்னைக்கு வேலைக்குப் போற பிள்ளைய பாதிப்பேரு லீவு நாள்ல ஹாஸ்டல் கட்டில்ல படுத்து ரீல்ஸ் தள்ளிக்கிட்டு கெடக்கதப் பாக்கேன், நானும் ஒன்றரை வருசம் அப்படித்தான் கெடந்தேன், அதான் எழுதுதேன்.

ஆரம்பிச்சது 2023 டிசம்பர்ல. மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எங்க வேளச்சேரி தெருவுல தண்ணி நின்னு, கரண்டு போயி, போனும் செத்துட்டு. ரூம்மேட்டு ஒரு மதுரைக்காரி, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல சும்மா கேட்டா, "நீ சென்னைக்கு வந்து இவ்ளோ நாளாச்சே, என்னல்லாம் பாத்திருக்க?" யோசிச்சுப் பாத்தா மெரினா, தி.நகர், ஒரு மாலு, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு. நாலாவதச் சொன்னதும் அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே. தண்ணி வடிஞ்ச அன்னைக்குப் போயி நோட்டு வாங்கிட்டேன்.

நோட்டுல நாலு கட்டம் போட்டேன். தேதி, என்ன செஞ்சேன், எவ்வளவு செலவு, நாலாவது கட்டம் "மறுபடி போவியா?" மத்த மூணும் சும்மா, இந்த நாலாவது கட்டம்தான் பின்னாடி எல்லாத்தையும் மாத்துச்சு.

மொத மாசம் டிக்கெட் புக் பண்ணுத ஆப்ப நம்பித்தான் ஓடிச்சு. ஸ்டாண்டப் காமெடி, மண்பாண்டம் செய்யச் சொல்லிக் குடுக்க வொர்க்ஷாப், போர்டு கேம் கபே, எல்லாம் போனேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மாசக் கடைசில கணக்குப் பாத்தா 5,800 ரூபா காலி, அதுல ஆட்டோவுக்கே பாதி, எல்லாம் ஊருக்கு அந்தத் தலையில நடக்கும், போக ஒன்றரை மணி நேரம் வர ஒன்றரை மணி நேரம், மண்ணு பெசஞ்சது 40 நிமிசம். நாலாவது கட்டத்துல பெரும்பாலும் "இல்ல". டிக்கெட் இல்லாதது எதுவும் அந்த ஆப்புல வராதுங்கது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் மண்டைல ஏறிச்சு. அதே மாசம் மார்கழி கச்சேரி ஊரு பூரா நடந்துக்கிட்டு இருக்கு, நெறைய சபால காலையிலயும் மத்தியானமும் பாடுதவங்க கச்சேரிக்கு டிக்கெட்டே கெடையாது, சும்மா போயி உக்காரலாம், சாயங்காலப் பெரிய கச்சேரிக்குத்தான் காசு. இத எனக்குச் சொன்னது ஆபீஸ்ல ஒரு மேடம். எனக்கு ராகமும் தெரியாது தாளமும் தெரியாது, ஆனா சபா கேண்டீன்ல கச்சேரி கேக்காதவளுக்கும் எல போடுவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன், அந்த டிசம்பர்ல ஆறு தடவ போயிருக்கேன், ஆறுலயும் "போவேன்".

அப்புறம்தான் ஒரு ரூல் வச்சேன், பறக்கும் ரயில் போற எடத்துக்குள்ள மட்டும் தேடுவேன்னு. வேளச்சேரில ஏறுனா கோட்டூர்புரம் 5 ரூபா, அங்க 2010-ல தொறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், அதுல நம்ம சொந்தப் புத்தகத்தக் கொண்டு போயிப் படிக்கவே தனி எடம் வச்சிருக்காங்க, பக்கத்துல பிர்லா கோளரங்கம். இன்னும் கொஞ்சம் போனா திருமயிலை, கபாலி கோயிலும் மாட வீதியும். அதையும் தாண்டிப் போனா லைட் ஹவுஸ் ஸ்டேசன். அந்த லைட் ஹவுஸ்ல மேல போக லிப்ட் உண்டு, நம்ம முட்டம் லைட் ஹவுஸ் நெனப்பு வந்துட்டு எனக்கு. ஊரு பெருசுன்னா பெருசுதான், அதுக்காக எல்லாத்தையும் பாக்கணும்னு யாரும் அடிக்கல, ஒரு ரயில் லைன் போதும்னு முடிவு பண்ணின பெறகு செலவு 5,800-ல இருந்து 900-க்கு வந்துட்டு.

மைலாப்பூர்ல ஒரு பூக்கார அக்கா இருந்தாவ, முழம் 30 ரூபான்னு வாங்கும்போது சும்மா "கோயில்ல என்னக்கா விசேஷம்"னு கேட்டேன், அவ்வளவுதான், பங்குனித் திருவிழா பூராத்தையும் ஒப்பிச்சுட்டாவ, என்னைக்குத் தேரு, என்னைக்கு அறுபத்துமூவர், எந்த மூலைல நின்னா நெரிசல் இல்லாமப் பாக்கலாம், யாரு வீட்டு வாசல்ல நீர்மோர் குடுப்பாங்க எல்லாம். ஆப்புல இதுல ஒரு வரி இல்ல. அதுல இருந்து எங்க போனாலும் அங்க கட போட்டிருக்கவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவேன், அவங்களுக்குத் தெரியாத சங்கதி அந்தத் தெருவுல நடக்காது.

சொதப்பலும் உண்டு. எழும்பூர் மியூசியம் 1851-ல ஆரம்பிச்சது, வெண்கலச் சிலையெல்லாம் பாக்கணும்னு வெயில்ல ரெண்டு வண்டி மாறிப் போயி நின்னா வெள்ளிக்கிழமை, மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. பாக்காமப் போனது என் தப்புதான். அன்னைக்கே நோட்டோட மொதப் பக்கத்துல எதெது என்னைக்கு லீவுன்னு எழுத ஆரம்பிச்சேன். மறுவாரம் போனேன், திருவாலங்காடு நடராஜர் முன்னால நின்னுட்டு மத்ததப் பாக்க நேரம் இல்லாமப் போச்சு.

அந்த 11 மாசத்துல எது பெஸ்ட்டுன்னா ஆமை நட. சந்தேகமே இல்ல. ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேசன் நெட்வொர்க்குனு மாணவர்கள் நடத்துறது, 1988-ல இருந்து நடக்கு. ஜனவரில இருந்து வெள்ளி, சனி ராத்திரி நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடற்கரையோட நடக்கணும். மொதல்ல உக்கார வச்சு ஆமையப் பத்திச் சொல்லுவாங்க, பெறகு நட. பங்குனி ஆமை மண்ணத் தோண்டி நூறுக்கு மேல முட்ட போட்டுட்டு கடலுக்குத் திரும்பிப் போயிரும், தடத்தப் பாத்து முட்டக்குழியக் கண்டுபிடிச்சு, எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்துல பொதைக்காங்க, இல்லன்னா நாய் தின்னுரும். நான் போன அன்னைக்கு ஆமை வரல. ஒரே ஒரு குழி கெடச்சுது, முட்டைய ஒவ்வொண்ணா வெளிய எடுக்கும்போது எண்ணிக்கிட்டே இருந்தோம், யாரும் சத்தம் போடல. நானும் கடக்கரை மாவட்டத்துக்காரிதான, சின்ன வயசுல இருந்து கடலப் பாத்துட்டு வளந்தவ, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கடலோரமா நடந்தது அதுதான் மொதத் தடவ. வீட்டுல சொல்லல. இப்ப இத அம்மா படிச்சா படிக்கட்டு.

கொறைன்னா, மே மாசம் சென்னைல எதுவும் முடியாது, வெயில்ல பாதி நாளு நோட்டு காலியாத்தான் கெடந்துச்சு. அத விடப் பெரிய கொற, ஜூன்ல எனக்கு ஒரு கிறுக்கு பிடிச்சுது, ஒரு நாளும் விடக்கூடாது, வரிசையா நெரப்பணும்னு. ராத்திரி பத்தர மணிக்கு கட்டத்த நெரப்புததுக்காகவே மெரினா போயி அஞ்சு நிமிசம் நின்னுட்டு ஆட்டோல திரும்பினேன், 380 ரூபா. அது பொழுதுபோக்கு இல்ல, ரெண்டாவது ஆபீஸ். அதுக்கப்புறம் வாரத்துக்கு அஞ்சு நாளு போதும்னு மாத்திக்கிட்டேன், தலைப்பு டெய்லின்னு இருக்கட்டும், அது பேருக்கு.

2024 நவம்பர்ல வொர்க் பிரம் ஹோம் கெடச்சுது, வந்தே பாரத்துல ஏறி நாகர்கோவில் வந்துட்டேன். வெட்டூர்ணிமடம் வீடு, மழ, மூணு வாரம் நோட்டுல ஒரு வரி இல்ல. ஆப்புல ஊர மாத்திப் போட்டா சினிமா மட்டும் காட்டுது. "இங்க என்ன இருக்கு"ன்னு நான் பொலம்பினத அம்மா ரெண்டு நாள் கேட்டாவ, மூணாவது நாள் சாமான் வெளக்கிக்கிட்டே சொன்னாவ, "மக்ளே, நாளைக்கு கோட்டார்ல கொடியேத்தம்லா, போயிட்டு வா." நவம்பர் 24, சவேரியார் கோயில் திருவிழா. பத்து நாள், டிசம்பர் 3 மாவட்டத்துக்கே லீவு. பள்ளிக்கூடத்துல அந்த லீவ அனுபவிச்சிருக்கேன், திருவிழாவ ஒழுங்காப் பாத்ததில்ல. வளையல் கட, பேரீச்சம்பழக் குவியல், தேருக்குப் பின்னால உருண்டு வாறவங்க, எல்லா மதத்துக்காரங்களும் நிக்காவ. பத்து நாளுல ஏழு நாள் போனேன்.

அதோட எனக்குப் பொட்டுல அறஞ்ச மாதிரி புரிஞ்சுட்டு, மைலாப்பூர் பூக்கார அக்கா வேலைய இங்க பாக்கது எங்கம்மாதான். மார்கழில சுசீந்திரம் தேரு, தைல நாகராஜா கோயில் தேரு, மாசில மண்டைக்காடு கொடத் திருவிழா, புரட்டாசி நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மனும் குமாரகோயில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் பொறப்படுதது, எல்லாம் அம்மா தலைக்குள்ள கெடக்கு. அம்மா சொல்லாதத வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவத்துல ஒட்டியிருக்க நோட்டீசு சொல்லும். இங்க நோட்டீசு படிக்காம ஒண்ணும் ஓடாது.

அப்படி ஒரு நோட்டீசப் பாத்துத்தான் ஆடி மாசம் ஒரு சொடலமாடன் கோயில் கொடைக்கு போனேன், சித்தியையும் கூட்டிக்கிட்டு, ஏன்னா ராத்திரி தனியா ஸ்கூட்டில வர விடமாட்டாவ, அது இந்த ஊர்ல உள்ள பெரிய மைனஸ், சென்னைல எங்க போறன்னு கேக்க ஆளில்ல, இங்க கேக்க ஒம்பது பேரு. வில்லடி, அதான் வில்லுப்பாட்டு. மணி கட்டின வில்லு மேல வீசுகோலால அடிச்சு, உடுக்கு ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம். மார்கழி சபால உக்காந்து எல்லாரும் தலையாட்டும்போது நானும் ஆட்டினேன், எதுக்குன்னு தெரியாது. இங்க ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது, நடுவுல பாடுதவரு ஒரு நக்கல் அடிச்சாரு பாருங்க, முன்வரிசைல இருந்த கிழவி சிரிச்சு வெத்தலையத் துப்பிட்டு. ஒரு மணி வரைக்கும் இருந்தோம். செலவு: சுக்குக்காப்பி 10 ரூபா. நாலாவது கட்டத்துல சித்தி கையெழுத்துல "போவோம்".

அம்மாவோட போனது தனிக் கணக்கு. பத்மநாபபுரம் அரண்மனைக்கு அம்மா பள்ளிக்கூட டூர்ல போனது, அதுக்கப்புறம் இப்பத்தான். நான் ஆட்டோ பிடிச்சு தக்கலை போயி எறங்கினா திங்கக்கிழமை, அரண்மனை நம்ம மாவட்டத்துல இருந்தாலும் பாத்துக்கிடுதது கேரள தொல்லியல் துறை, திங்கள் லீவு. எழும்பூர்ல பட்டும் எனக்குப் புத்தி வரல, சென்னை லீவெல்லாம் எழுதினவ இத எழுதல. அம்மா திட்டல, "அப்ப கோட்டைக்கு போவோம்"ன்னாவ. புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்ட. உள்ள டிலனாய் கல்லற. 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுப் படைக்காரரு, பெறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியா ஆயி, 1777-ல இங்கயே செத்தாரு. கல்லுல லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கு. அம்மா அத ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லியா பாவம்"னு மட்டும் சொன்னாவ. மரத்தடில கொண்டுபோன இட்லியத் தின்னுட்டு வந்தோம். அரண்மனைக்கு மறுவாரம் போனோம், ஆனா அம்மா யார்கிட்ட பேசினாலும் கோட்டைக்கு போன கததான் சொல்லுதாவ.

மத்தது வேகமாச் சொல்லிடுதேன். தோவாளை பூச்சந்தைக்கு விடியறதுக்கு முன்னால போகணும், பிச்சியும் அரளியும் மூட்ட மூட்டையா எறங்கும், எட்டு மணிக்கு போனா அந்தக் களையே இருக்காது, ஓணத்துக்கு முன்னாடி போனா வெலையக் கேக்கவே பயமா இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல கட்டினது, 28 தூணு, 115 அடி ஒசரம், அம்மா பாதி வரைக்கும் வந்து கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாவ. தேரூர் குளம் நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் கொள்ளாம், வலசப் பறவைய வரும், 2022-ல ராம்சார்ங்க உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்துருக்காவ, பைனாகுலர் இல்லன்னாலும் பாக்கலாம். கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல தொறந்தது, 77 மீட்டர், வள்ளுவர் செலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல நடக்கலாம், ஆனா லீவு நாள்ல உள்ளூர்க்காரங்க போகாதீங்க, படகு வரிசைலயே நாளு போயிரும், செவ்வாக்கிழமை காலைல போங்க.

கடற்கரைய மட்டும் கொஞ்சம் யோசிச்சு எழுதணும். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், லெமூர் பீச்சு எல்லாம் அழகு, ஆனா கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்க அன்னைக்கு எறங்கவே கூடாது, காத்தே இல்லாம அல சட்டுனு ஏறும். 2024 மே மாசம் லெமூர் பீச்சுல டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைய செத்துப் போனது இப்படித்தான். நான் எச்சரிக்கைய பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன், இல்லன்னா மருந்துவாழ்மல பக்கம் திருப்பிடுவேன்.

மழைக்கு ஒரு வழி இன்னும் எனக்குச் சிக்கல. இங்க ஜூன்லயும் பெய்யும் அக்டோபர்லயும் பெய்யும், ரெண்டு மழ. அந்த நாளுக்கு நூலகம், இல்லன்னா வீட்டுல மரச்சீனிக்கிழங்கு அவிச்சு கடுங்காப்பியோட திண்ணைல இருக்கது. அது சாப்பாடு கணக்குல வருமான்னு ரூம்மேட்டுக்கும் எனக்கும் போன்ல பெரிய தர்க்கம், அவ வரும்ங்கா, நான் திண்ணைல இருந்தா வராதுங்கேன்.

இப்ப மூணாவது நோட்டு. இந்த மாசச் செலவு இதுவரைக்கும் 340 ரூபா, பெட்ரோல் சேக்காம. தூத்தூர் பக்கம் பந்து வெளையாட்டு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச, அந்தக் கடக்கரைப் பிள்ளையளுக்கு புட்பால்னா உசுரு, ஆனா எனக்கு அந்தப் பக்கம் நோட்டீசு கண்ணுல படாது, அம்மாவுக்கும் அங்க பழக்கம் இல்ல. அடுத்த மேச்சு என்னைக்கு, பொம்பளைப் பிள்ளைய உக்காந்து பாக்க எடம் உண்டா, கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு அந்தப் பக்கத்துக்காரங்க யாராச்சும் சொல்லுங்க, சித்தி இப்பவே ரெடியாத்தான் இருக்காவ.