கோல்ஃப் வகையா, வேட்டை வகையா?

கூடலூர்ப் பக்கத் தோட்டக்காரர்கள் கேட்கிறார்கள்: யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்க மலிவான ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) எது? கடையில் இரண்டு வகை: கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒன்று, வேட்டைக்காரர்களுக்கு ஒன்று. நாம் கேட்பது வேட்டைக்கு இல்லை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

குறி: கோல்ஃப் வகை முன்னால் இருப்பதைப் பிடிக்கும், ஆட்டக் குழியில் நிற்கும் கொடிக்கம்பத்துக்காகச் செய்தது. நம் ஊரில் முன்னால் இருப்பது உண்ணிச்செடிப் புதர்தான்! புதருக்குத் தூரம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். வேட்டை வகையில் புதரை விட்டுப் பின்னால் நிற்பதை அளக்கும் முறை பலவற்றில் உண்டு. வாங்குமுன் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சரிவு: கோல்ஃப் வகை, மேட்டுக்குப் பந்தடிக்கத் தூரத்தில் எவ்வளவு கூட்டணும் என்று சொல்லும். நமக்கெதற்கு? வேட்டை வகை கிடைமட்டத் தூரம் காட்டும்.

எட்டும் தூரம்: பெட்டியில் 1000 கெஜம் (சுமார் 914 மீட்டர்) என்றிருந்தால், அது பளபளக்கும் பலகைக்கு. யானைத் தோலுக்கு அவ்வளவு எட்டாது. மூடுபனியில் இரண்டுமே தடுமாறும்.

கிடைப்பது: கோல்ஃப் வகைதான் சுலபம்.

பாலக்காட்டு வயல்வெளி மாதிரி திறந்த இடமென்றால் கோல்ஃப் வகையே போதும். புதரும் சரிவுமாக இருக்கும் கூடலூருக்கு, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சரி, வேட்டை வகை.