காப்ரேசே சாலட்டுக்கு எருமைப்பால் மொசரெல்லா வாங்கலாமா?
இத்தாலியில நேப்பிள்ஸ் வந்தா சூப்பர்மார்க்கெட்ல தண்ணியோட பாக்கெட்ல வர்ற மொசரெல்லா டி புஃபாலா கம்பானா, அதாவது எருமைப்பால் மொசரெல்லா சீஸ், கண்டிப்பா வாங்குங்க, சும்மா சொல்லக்கூடாது, செம ருசி! கத்தி வச்சதும் பால் மாதிரி சாறு கசியுது, லேசா உப்பு லேசா புளிப்பு, பீட்சாவுக்குத் தூவுற துருவின சீஸெல்லாம் இதுகிட்ட கூட வராது. 1996லயே ஐரோப்பிய யூனியன் பாதுகாப்பு குடுத்த பேரு இது, அதனால அந்தப் பாதுகாப்பக் காட்டுற டிஓபி முத்திரை பாக்கெட்ல இருக்கான்னு பாத்துக்கோங்க.

ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் வெட்டாதீங்க, கொஞ்ச நேரம் வெளிய வச்சாதான் மணமே வரும், அப்புறம் நல்லா பழுத்த தக்காளிய வட்டமா நறுக்கி இதையும் அடுக்கி பேசில் இலை, ஆலிவ் ஆயில், உப்பு, அவ்ளோதான் காப்ரேசே சாலட், வினிகர் வேண்டவே வேணாம். உப்பு மட்டும் சாப்பிடப்போறப்ப போடுங்க, இல்லன்னா தக்காளி தண்ணி விட்டுரும். விலை பசும்பால் மொசரெல்லாவ விட ஜாஸ்திதான், ஆனா குடுக்கலாம், பாக்கெட் பிரிச்சா சீக்கிரம் தீத்துடுங்க.